தெளிவாகக் கேட்கவில்லை

என் வேலை விரல்களால் கேட்பது.
மாடிசன் நகர நீதிமன்றம், மூன்றாம் மாடி.
யார் வாய் திறந்தாலும் தட்டச்சாகிவிடும்.
இருமினால் ஆகாது. அழுதால்
‘சாட்சி சற்று நேரம் எடுத்துக்கொண்டார்.’

அன்றைய வழக்கு ஒரு பெயரைப் பற்றி.
ஐஸ் அவுட்.
கால் மைல் தார் வளையம், நசுங்கி நிமிர்ந்த செவர்லேக்கள்,
ஆண்டுக்கு ஒன்பது சனிக்கிழமை இரவுகள்.
ஏரியில் பனி உடைகிற வாரம் முதல் பந்தயம்.
சில வருஷம் மே பிறந்தும் உடையாது.
காத்திருப்பார்களாம்.

வாதி மில்வாக்கி கம்பெனி.
வங்கி ஏலத்தில் எடுத்தது:
தார், தடுப்புச் சுவர், விளக்குக் கம்பம் பதினான்கு,
ஆண் பெண் கழிப்பறை,
‘மற்றும் அவற்றைச் சார்ந்த நற்பெயர்.’
பிரதிவாதி லாயல் ஹாவ்கன்.
இருபது மைல் தள்ளி, இன்னொருவர் வளையத்தை
வாடகைக்கு எடுத்து, அதே பெயரில் ஓட்டுகிறார்.
கழுத்தில் இரவல் டை.

பெயரை முதலில் வைத்தது யார்?
யாரும் வைக்கலை. பனி உடைஞ்சுது. ஆர்டிஸ் பலகையில எழுதினா.
ஆர்டிஸ் என்பவர்?
சுற்று எண்ணுறவ. அதோ, பின்வரிசை.
என்கூடப் பேசறதில்லை.
ஒன்பது வருஷமாக. ஒரு சுற்றைக்
குறைத்து எண்ணிவிட்டாள் என்று இவர் கத்தினாராம்.
வழக்குக்கு வேண்டாததுதான். அடித்தேன்.

அது வெறும் ஊர் சுற்றல் அல்ல, பந்தயம்தான் என்று
எப்படிச் சொல்கிறீர்கள் என்றார் வக்கீல்.
லாயல் கண்ணை மூடிக்கொண்டார்.
தொண்டையிலிருந்து ஓர் எஞ்சின் புறப்பட்டது.
மூன்றாம் திருப்பத்தில் தணிந்து, உள்விளிம்பில் உரசி,
நான்காம் திருப்பம் முடியுமுன்பே அடிவயிறு வரை மிதித்து—
ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
காவலர் கதவைத் திறந்து பார்த்தார்.
சொல் அல்லாத ஒலிக்கு எங்களுக்கு ஒரே ஒரு விதி:
‘தெளிவாகக் கேட்கவில்லை.’

மூன்று ஆண்டு புழங்காத பெயர்
கைவிட்ட பெயராகக் கருதப்படும். சட்டம்.
வங்கிப் பூட்டு தொங்கிய மூன்று கோடைகளை
விரல் மடக்கி எண்ணினார் வக்கீல்.
ஆர்டிஸ் கூண்டேறினாள், சுருள்கம்பி நோட்டோடு.
ரெண்டாவது வருஷம், மே எட்டு. வேலியை வெட்டி உள்ள போனோம்.
நாலு கார். முப்பது சுற்று.
டிக்கெட்?
இல்லை.
விளம்பரம்?
ஷெரிஃப் வந்துடுவாரே.
பிறகு வணிகம் எங்கே, அம்மா?

அவள் கூரையைப் பார்த்தாள்.
ஒரு ஹாட் டாக் வித்தேன். ரெண்டு டாலர்.

கைப்பையிலிருந்து ஒரு காகிதக் கைக்குட்டை.
காய்ந்த கடுகு மஞ்சள்,
அதன் விளிம்பில் நீல அச்சு: ஐஸ் அவுட்.
சான்று நாற்பத்தேழு.

வாங்கியவர்?
அவள் லாயலைக் காட்டினாள். பேசாமத்தான் வாங்கினார்.
வக்கீல் முகம் மலர்ந்தது.
தன் பெயரில் விற்ற பண்டத்தைத் தானே வாங்கியிருக்கிறார்!
வாங்கிய கைக்குட்டை உங்களிடம் எப்படி?
துடைச்சுப் போட்டார். எடுத்து வச்சேன்.
எச்சில் காகிதம். ஏன் எடுத்து வைத்தீர்கள்?

ஆட்சேபம். சம்பந்தமில்லாத கேள்வி.
ஏற்கிறேன். சாட்சி பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் அவள் உதடுகள் அசைந்தன.
என் விரல்கள் விசைகளின் மேல் நின்றன.
லாயல் டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
அதில் ஏதோ எழுதியிருப்பதுபோல.
விதிப்படி அடித்தேன்.

தீர்ப்பு எட்டு வாரம் தள்ளிப்போனது.
மெண்டோட்டா ஏரி கரை முதல் கரை வரை வெள்ளை.
பார்க்கிங்கில் கடைசியாக இரண்டு பிக்கப் வண்டிகள்.
ஒன்று இருமியது, கிளம்பவில்லை.
மற்றது எஞ்சின் ஓட நின்றது, போகவில்லை.