இடது பேக்கின் கணக்கு

ஜூன் மாதம், ஆரம்ப இருப்பு:
ஏழு பேர். காற்றிறங்கிய நான்கு பந்து.
வலை கிழிந்த ஒரு கோல்.
மற்றவர்கள் ஹாஸ்டலும் மாதப் பணமும் தருகிற
எலகங்கா பக்கத்துக் கல்லூரிக்குப் போய்விட்டார்கள்,
நல்ல பூட்ஸ் நான்கு ஜோடியையும் எடுத்துக்கொண்டு.

நான் பி.காம். இரண்டாம் வருஷம்.
எழுதிவைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அமலன் பழைய ஆக்டிவாவில் வந்தார்.
எங்களைவிட ஐந்து வயசு மூத்தவர்,
வலது முழங்காலில் ஜிப் வைத்ததுபோல் தையல்.
ஆபீஸ் பதிவேட்டில் ‘தற்காலிகம்’ என்று போட்டு
அதற்கு நேரே கையெழுத்து வாங்கினார்கள்.
சார் என்பதா அண்ணா என்பதா தெரியாமல்
ஒரு வாரம் இருமியே கூப்பிட்டோம்.

முதல் பதினைந்து நாள் த்ரோ-இன்.
வேறொன்றும் இல்லை.
“கோல் போடறவன் எந்தக் காலேஜ்லயும் கெடைப்பான்.
கோட்டைத் தாண்டிப் போன பந்தை
நம்ம ஆளுக்கே திருப்பிக் குடுக்கத் தெரிஞ்ச டீம்
இந்த ஊர்ல எத்தனை, சொல்லு?”
யாரும் சொல்லவில்லை.
ஷிபின் மலையாளத்தில் ஏதோ முனகினான்,
அது பதில் இல்லை.

ஆள் சேர்த்த விதம்:
பார்க்கிங் பின்னால் செருப்புக் காலோடு
பாட்டிலை உதைத்துக்கொண்டிருந்த தொய்பா,
இம்பாலிலிருந்து பி.சி.ஏ. படிக்க வந்தவன்.
கோலார் நாகேந்திரப்பா, கபடியில் தொடை கவ்வுகிறவன்,
கோல் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தப்பட்டான்.
“செண்டு! செண்டு!” என்று கன்னடத்தில் அவன் அலறும்போதெல்லாம்
எதிரே பந்து வருகிறது,
என் தமிழ்க் காது மட்டும்
யாரோ பூ நீட்டுகிறார்கள் என்று ஒரு நொடி நின்றுவிடும்.
அந்த ஒரு நொடியில் இரண்டு கோல் வாங்கியிருக்கிறேன்.

முதல் ஆட்டம் பூஜ்யம், ஒன்பது.
பஸ்ஸில் டொம்லூர் வரை அமலன் வாய் திறக்கவில்லை.
பிறகு என் நோட்டை எட்டிப் பார்த்தார்.
“ஒம்போதுல உன் பக்கமா வந்தது எத்தனை?”
ஆறு.
“உன்னை அங்க தனியா நிறுத்தினவன் நான்.
அந்த ஆறை என் பேர்ல எழுது.”
எழுதினேன். பஸ் குலுங்கியதில்
ஆறு கொஞ்சம் எட்டு மாதிரி விழுந்துவிட்டது.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை.
மழை நாளில் எல்லார் முன்னாலும் தொய்பாவைத் திட்டினார்,
தொய்பா மூன்று நாள் வரவில்லை.
நாலாம் நாள் ஈஜிபுராவில், அவன் பி.ஜி. வாசலில்,
ஆக்டிவா நனைந்துகொண்டு நின்றதை நான் பார்த்தேன்.
என்ன பேசினார்கள் தெரியாது.
அதற்கப்புறமும் கத்தினார்,
ஆனால் முதலில் பெயரைச் சொல்லிவிட்டுக் கத்தினார்.

ஐந்து. நான்கு. மறுபடி ஐந்து. இரண்டு.
வாங்கிய கோல்களின் பத்தி
தேய்மானக் கணக்கு போல மெதுவாக இறங்கியது.

ஜனவரி, ஆஸ்டின் டவுன் மைதானம்.
எதிரே எலகங்காக்காரர்கள்,
அதாவது போன வருஷத்து நாங்கள்.
ஜெரால்டு கைகுலுக்கும்போது
பாவம் பார்த்த மாதிரி என் தோளைத் தட்டினான்.
அவன்தான் முதல் கோலும் போட்டான்.
எண்பத்தாறாம் நிமிஷம், இடது கோட்டில் த்ரோ-இன்.
அமலன் கத்துவார் என்று திரும்பினேன்.
அவர் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்,
அல்லது கட்டுவதுபோல் இருந்தார்.
எறிந்தேன். தொய்பா தலையால் பின்னுக்குத் தள்ள,
ஷிபினின் கணுக்காலில் பட்டு,
அழகே இல்லாமல், உள்ளே.

ஒன்றுக்கு ஒன்று.
பட்டியலில் அப்போதும் நாங்கள்தான் கடைசி.
“கோன் எல்லாம் எண்ணி எடுங்கடா,
போன வாரம் ரெண்டு கொறைஞ்சுது” என்றார்,
குரல் மட்டும் சரியாக இல்லை.

மார்ச்சோடு தற்காலிகம் முடிகிறது.
நீட்டிப்பார்களா என்று ஆபீஸில் கேட்டால்
ஃபைல் மேலே போயிருக்கிறதாம்.

இறுதி இருப்பு: பத்தொன்பது பேர். பதினொரு பந்து.
வலை அதே வலை, நாகேந்திரப்பா தைத்தது.
அமலன் பேரில் ஆறு கோல்,
எட்டு போலத் தெரிகிற ஆறு,
இன்னும் நேர் செய்யவில்லை.
பாக்கி நிற்கும்வரை
கணக்கை மூட முடியாது.
எந்தத் தேர்விலும் இதற்கு மார்க் போடமாட்டார்கள்,
இருந்தாலும்
விட்டுவைத்திருக்கிறேன்.