ஊதாத் துணிக்குக் கீழே

முதல் ஞாயிறு, மணல்.
பாலைவனம் என்று சொல்லிப் பீடத்தடியில் பரப்பினேன்,
பாசையூர்க் கரையில் விடிய அள்ளிய ஒரு தாச்சி மணலை.
ஈரம் காயவில்லை.
பாலைவனத்துக்குள் இருந்து
சின்ன நண்டொன்று வெளிக்கிட்டு
சுவாமியாரின் செருப்பை நோக்கி நடந்தது.
நாற்பது நாள் நோன்பைப் பற்றி
அதற்குப் பிறகு நான் சொன்ன எதுவும்
ஒருத்தருக்கும் கேட்கவில்லை.

மிக்கேல்பிள்ளை மூப்பருக்குக் கோபம்.
பூசையெண்டால் பூசை, இது நேசறி இல்லை என்றார்.
மணலைக் கூட்டுவது அவர்தான், அதுவும் ஒரு நியாயம்.
இவ்வளவு காலமும்
பிரசங்கம் தொடங்கப் பிள்ளைகள் சிணுங்குவார்கள்.
தூக்கிக்கொண்டு வேம்படிக்குப் போவார்கள் தாய்மார்.
எங்கள் பங்கில் பாதிப் பெண்கள்
சுவிசேஷத்தில் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்கள்.
ஊதாரி மகன் திரும்பி வந்தது
சிலருக்கு இன்னும் தெரியாது.

இரண்டாம் ஞாயிறு எனக்குக் காய்ச்சல்.
பீடத்தடியில் ஊதாத் துணி மட்டும் கிடந்ததாம்.
ஒவ்வொருவராக வந்து
வெறும் துணியைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்களாம்,
எமில்டா மட்டும்
இண்டைக்கு அவர் ஒண்டும் கொண்டுவரேல்லை என்றாளாம்.
அவர் என்றது யாரை என்று
நானும் கேட்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு, கல்.
உங்களுக்குப் பாரமானது எதுவோ
அதை நினைத்து ஒரு கல் கொண்டு வாங்கோ என்றிருந்தேன்.
புளொக்கல்லுத் துண்டு, முருகைக்கல்,
அம்மிக் குழவியோடு ஒருத்தன்
(மத்தியானம் அவன் தாய் அதைத் தேடி வந்தாள்).
றெக்சன் கல் கொண்டுவரவில்லை.
முழக் கை அளவு வலைக்கந்தல்,
அதன் விளிம்பில் நாலு ஈயக்குண்டு.
றோலர் அறுத்தது ரீச்சர். மிச்சம் இவ்வளவுதான்.
துணியில் வைத்தான். வைத்த இடம் பள்ளமானது.

பூசை முடிய எல்லாரும் ஓடிவிட்டார்கள்.
அவன் மட்டும் நின்றான்.
குண்டைத் திருப்பித் தருவீங்களோ,
புது வலைக்கு அப்பாவுக்கு வேணும்.
தந்தேன்.
எண்ணிப் பார்த்தான். நாலும் இருந்தது.
சின்னம், அடையாளம் என்று
கொப்பியில் எழுதி வைத்திருந்த சொற்களை
அந்தக் கிழமை நான் பாவிக்கவில்லை.

ஐந்தாம் ஞாயிற்றோடு சுரூபங்களை மூடுவது வழமை.
துணி போதவில்லை.
சூசையப்பருக்கு என்னுடைய ஊதாச் சேலை,
வங்கியில் சேர்ந்த முதல் மாதம் எடுத்தது,
முந்தானையில் இன்னும் ஒரு மைக்கறை.
ஏன் மூடுகிறோம் என்று கேட்டார்கள்.
காணாமல் இருந்து பார்க்க என்றேன்.
பதில் எனக்கே பிடிக்கவில்லை.
காணாமல் இருக்கிற ஆட்களின் படங்கள்
சாமி அறையில் தொங்குகிற வீடுகளில் இருந்து
வருகிற பிள்ளைகள் அவர்கள்.

வெள்ளி பின்னேரம் சிலுவைப்பாதை.
ஒன்பதாம் தலம், மூன்றாம் முறை விழுகிறார்.
எல்லாரும் முழந்தாளில், ஒரு சத்தமில்லை,
காற்றாடி கூட நின்றிருந்தது, கரண்ட் இல்லை.
அப்போது கண்டேன்,
என் சேலைக்குக் கீழே இரண்டு பாதம்.
நாலு வயது டெல்சிகா,
ஒரு கால் கொலுசோடு, மறுகால் இல்லாமல்.
துணி ஒருக்கால் அசைந்தது.
உள்ளே இருந்து, யாருக்கோ இரகசியம் சொல்கிற குரலில்,
ஆனால் கோயில் முழுக்கக் கேட்கும்படி:
முழிச்சுக்கொண்டுதான் இருக்கிறார்.

தாய் எழும்பினாள். இரு என்று கையைக் காட்டினேன்.
மூப்பர் என்னைப் பார்த்தார்,
நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

சிலுவை நகர்ந்தது.
பத்தாம் தலம், அவருடைய ஆடைகளைக் களைகிறார்கள்.
நாங்கள் அங்கே போய் நின்றுவிட்டோம்.
அவள் இன்னும் வரவில்லை.