உலைக்கு எத்தனை படி

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு எதிர்த்த சந்தில் என் மெஸ்.
மத்தியானத்துக்கு எத்தனை படி போடணும் என்று
காலை ஆறரைக்கு
பக்கத்து டீக்கடையைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.
கிளாஸில் போனது என்னவோ
அது ஒரு மணிக்கு இலையில் தெரியும்.
இருபத்திரண்டு வருசக் கணக்கு,
நோட்டில் எழுதினதில்லை.

ஆட்டோ தங்கச்சாமி
மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு
ஒரு சொம்பு கம்பங்கூழ் குடித்துவிட்டு வருகிறவர்.
அவர் இலையில் ரெண்டாம் சோறு விழுந்து நான் பார்த்ததில்லை.
பங்குனி பிறந்து பதனீர் வந்துவிட்டால்
பட்டையில் ஏந்திக் குடித்தவர்கள்
பதினொன்றுக்கே எட்டிப்பார்ப்பார்கள்:
"ஏக்கா, சாம்பார் இறக்கியாச்சா?"
லேப் ஸ்டெல்லா உடம்பைக் குறைக்கிறாள்.
சீனியில்லாத கடுங்காப்பி, அதோடு சரி.
மத்தியானம் சொதிக்கு மூன்று தடவை கூப்பிடுவாள்.
நான் சிரிப்பதில்லை,
கரண்டியை நிறைத்தே ஊற்றுவேன்.

கணக்கில் சேராதவர்கள் வார்டுக்காரர்கள்.
படுத்துக்கிடக்கிறவர்களைச் சொல்லவில்லை,
கூட இருக்கிறவர்களை.
விடியுமுன் ஒரு டீ, டாக்டர் வந்துபோனதும் ஒன்று,
ஸ்கேன் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஒன்று.
சாப்பாடு எழுபது, டீ பன்னிரண்டு.
பசிக்குத் தவணை சொல்ல
அதைவிட மலிவாய் எதுவும் இல்லை.

கடையநல்லூர் மசூது அண்ணன் அப்படித்தான்.
மகனுக்கு மூளைக்காய்ச்சல்.
பதினோரு நாள், நாளுக்கு ஐந்து டீ எண்ணினேன்.
அரைச் சாப்பாடு வாங்கி அதிலும் பாதியை வைத்துவிட்டு
"சாப்பாடு நல்லாத்தான் இருக்கு" என்பார்,
நான் கேட்காமலே.

பன்னிரண்டாம் நாள் காலை
டீக்கடையில் ஆளைக் காணோம்.
ஏழாச்சு. ஏழரையாச்சு.
அளந்து வைத்த அம்பை பதினாறில்
ஓர் ஆழாக்கை எடுத்து
மூட்டைக்கே திருப்பிக் கொட்டினேன்.
அவ்வளவு அரிசிக்கு அத்தனை சத்தம் வரும் என்று
அன்றைக்குத்தான் தெரியும்.

ஒன்றே காலுக்கு வந்து உட்கார்ந்தார்.
"பய ராத்திரி கண்ணு முழிச்சுட்டான்.
இட்லி கேக்கான்.
டீ குடிக்க மறந்தே போச்சுக்கா."

சாம்பாருக்குச் சோறு. சொதிக்குச் சோறு.
மறுபடி சொதிக்கு.
ரசத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சிவிட்டு
மோருக்கும் கொஞ்சம் போடச் சொன்னார்.
பானையடியில் கரண்டி உரசியது.
பின்னால் நின்ற மூன்று பேரிடம்
"சோறு தீந்துட்டு, பரோட்டாக் கடைக்குப் போங்க" என்றேன்.
ஒருத்தன் முனங்கிக்கொண்டே போனான்.

எனக்கும் மிச்சமில்லை.
பானையில் தண்ணீரை ஊற்றி ஊறவைத்துவிட்டு
டீக்கடையைப் பார்த்துக் கூவினேன்:
ஒரு டீ,
சீனி தூக்கலா.