மனநிலை என்று ஒரு கட்டம்

நேமத்தான்பட்டி, இரண்டாம் கட்டு, கிழக்குச் சுவர்.
வரிசை எண் நாற்பத்தொன்று.
பொருள்: நிலக்காட்சி.
பலகைமேல் எண்ணெய் வண்ணம்,
அகலம் இரண்டடி, உயரம் ஒன்றேகால்.
சேதம்: இடது மூலையில் விரலளவு கரையான்,
வானத்தில் மயிர்போல் பதினொரு வெடிப்பு.
மனநிலை:

அங்கேதான் பேனா நின்றது.
ஏலக் கம்பெனிப் படிவம்.
மற்றச் சாமான்களுக்கு அந்தக் கட்டத்தில்
ஒரு கோடு இழுத்துவிட்டுப் போகலாம்.
எச்சில் படிக்கத்துக்கு ஏது மனநிலை.

படத்தில் இருப்பது இவ்வளவுதான்.
கீழே செம்புறை மண்,
செங்கல்லுக்கும் காய்ந்த ரத்தத்துக்கும் நடுவே ஒரு சிவப்பு.
மேலே வானம், பச்சை.
செம்புக் குவளையில் மோரை மறந்துபோனால் வருமே
அந்தப் பச்சை.
பனை ஐந்து. ஒன்றுக்குத் தலை இல்லை.
நடுவில் ஊருணி,
ஊருணிக்குள் தலைகீழாய் ஒரு வீடு:
தூண், மாடம், முகப்பில் லட்சுமி,
இருபுறமும் யானை,
ஒரு சுருக்கம் இல்லாமல் நீரில் கிடக்கின்றன.

கரையில் வீடு இல்லை.
வெறும் மண்.

பங்காளிகள் ஒன்பது பேர்.
"இடியப்போகுதுன்னு அன்னைக்கே எழுதி வச்சுட்டான் பாருங்க"
என்றார் சாத்தப்பன்.
அப்படியிருந்தால் விலை கூடுமா குறையுமா என்றும் கேட்டார்.
சென்னையிலிருந்து வந்த பேராசிரியர்
தலையற்ற பனையை மட்டும் முக்கால் மணி நேரம் பார்த்தார்.
பேரரசின் வீழ்ச்சி என்றார்.
சாப்பாட்டுக்குப் பின்
ஆண்மை இழப்பு என்று மாற்றிக்கொண்டார்.
சிங்கப்பூரிலிருந்து தேனம்மை, கைபேசியில்:
"வரையத் தெரியாத ஆளு, வீட்டை மறந்துட்டான்.
என் பங்கைப் பணமா அனுப்புங்க."

பலகையைத் திருப்பினேன்.
தேயிலைப் பெட்டிப் பலகை. ஆணித் துளை நான்கு.
பென்சிலில்,
பெகு கடை அடுத்தாள் மு. வயிரவன்,
ஆங்கீரச வருஷம் சித்திரை.
அதன்கீழே ஒரு வட்டிக் கணக்கு,
கூட்டல் தப்பு.

முகப்புக்குப் போய் நிலைமேல் வெட்டியிருந்ததைப் படித்தேன்.
யுவ வருஷம் தை, குடிபுகுந்தது.
விரல்விட்டு எண்ணினேன்.
ஆங்கீரச, ஸ்ரீமுக, பவ, யுவ.
இருட்டில் இல்லாத படியில் கால் வைத்ததுபோல் இருந்தது.
வீடு போய்விட்ட கரை இல்லை அது.
வீடு இன்னும் வராத கரை.

முதலாளி வீட்டுத் தேக்குக்கு
அவனே பில் எழுதியிருக்கலாம்.
எத்தனை தூண், எத்தனை கன அடி என்று
கட்டுமுன்னே அவனுக்குத் தெரிந்திருக்கலாம்.
ஆசையில் வரைந்தானா, எரிச்சலிலா?
தப்பாய்ப் போன அந்தக் கூட்டலை மறக்கவா?

மறுநாள் உச்சி வேளையில் ஊருணிக்குப் போனேன்.
பதினேழு படியும் இறங்கினேன்.
எந்தப் படியில் நின்றாலும்
நீரில் தெரிகிற வீடு கரையிலும் தெரிந்தது.
அந்த ஒன்றில் அவன் பொய்யன்.

திரும்பும்போது வெயில் தாங்காமல்
மண்ணையே பார்த்து நடந்தேன்,
நூறு எட்டு இருக்கும், சிவப்பு, சிவப்பு, சிவப்பு.
நிமிர்ந்தேன்.
வானம் பச்சை.
மூன்று நொடி.
பிறகு எப்போதும்போல் நீலம்.
இதில் அவன் சாட்சி.

படத்தின்முன் மறுபடி நின்றபோது
பனைகளின் நிழலைத் தேடினேன்.
ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கறுப்புக் காசு,
அவ்வளவே.
காலை நிழல் மேற்கே நீண்டு காட்டிக்கொடுக்கும்,
மாலை நிழல் கிழக்கே.
உச்சியில் அது வாய் திறப்பதில்லை,
வருகிறதா, போகிறதா.

வெளியே லாரி பின்னோக்கி வந்து நின்றது.
முதலில் தூண்களுக்குத்தான் வந்திருந்தார்கள்.
கட்டத்தில் எழுதினேன்:
நண்பகல்.

இரண்டு மாதம் கழித்து விலைப்பட்டியல் தபாலில் வந்தது.
நாற்பத்தொன்றில் என் சொல்லை அடித்துவிட்டு
அச்சிட்டிருந்தார்கள்:
அமைதி. வரவேற்பறைக்கு ஏற்றது.