குழுக்கடன்

செவ்வாய்க்கிழமை. விசுவமடு.
பவளராணியின் முற்றத்தில் ஒற்றைக் கதிரை,
அறவிட வந்த பெடியனுக்கு
அவளே தூக்கிவந்து போட்டது.
நாங்கள் ஐந்து பேரும் கீழே, மண்ணில்.
ஒருத்தி கட்டாட்டில்
ஒருத்தரும் எழும்பேலாது.

பதினொரு மணி வெயிலில்
அவன் ஏதோ பகிடி விட்டான்.
முதலில் சிரித்தது ஆரெண்டு தெரியேல்லை.
என் பல்லும் வெளியே நின்றது.

“கோழியை வித்தெண்டாலும் கட்டலாம்தானே.”
அது என் குரல்.
கூட்டைத் திரும்பிப் பார்த்து
எண்ணிச் சொன்னதும் நான்தான்:
ஏழு.

முந்தாநாள் இதே படலையில்
தனியே வந்து நின்றேன்.
இரண்டு சுண்டு அரிசி அளந்து
மேலே ஒரு பிடியும் போட்டவள்.

கையெழுத்து வைத்து முடிய
நாலு பேரும் ஒழுங்கையில் இறங்கினோம்,
ஆளுக்காள் தள்ளி,
ஒரு பஸ்ஸில் வந்து இறங்கிய
பிறத்தியார் போல.