துலி

ஔலு நகரம், ஜனவரி, காலை ஒன்பதேகால்.
ஜன்னலில் இன்னும் விடியவில்லை.
ஒலி புகாத அறையில்
ஹில்லாவுக்கும் எனக்கும் நடுவே
மூன்று படங்கள்.

துலி என்றால் நெருப்பு.
தூலி என்றால் காற்று.
துல்லி என்றால் சுங்கச் சாவடி.
ஒரு குறில், ஒரு நெடில், ஓர் ஒற்று.
எங்கள் மொழி இவ்வளவு சிறிய கீல்களில்தான்
தன் கதவுகளை மாட்டி வைத்திருக்கிறது.

ஐந்து வயது அவளுக்கு.
காதுக்குப் பின்னால் காந்தத்தில் ஒட்டிய வட்டு,
உள்ளே நத்தைச் சுருளுக்குள்
இருபத்திரண்டு மின்முனைகள்.
ஆயிரமாயிரம் மயிரிழைகள் பார்க்கும் வேலையை
இருபத்திரண்டு பேர் பங்கிட்டுச் செய்கிறார்கள்.
அவ்வப்போது ஒரு மாத்திரை
கைதவறி விழத்தான் செய்யும்.

அமைதியில் எண்பத்தெட்டு சதவீதம்.
போன வசந்தத்தில் எழுபத்தொன்று.
அம்மா ஔதி அந்த எண்களைக் கைபேசியில் குறித்திருக்கிறாள்,
பால், ஓட்ஸ், பேட்டரி என்ற பட்டியலுக்குக் கீழே.

இன்று இரைச்சலோடு.
ஒலிபெருக்கியில் முணுமுணுப்பை ஏற்றுகிறேன்:
பல குரல்களை வேண்டுமென்றே கலக்கிய,
யாரும் யாருக்கும் எதுவும் சொல்லாத பேச்சு.
பாலர் பள்ளியின் சாப்பாட்டு மேசை இப்படித்தான் இருக்கும்.
அங்கே அவள் எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்கிறாள்,
அரை நொடி தாமதமாக.
"எல்லாம் புரிகிறது அவளுக்கு" என்று
ஆசிரியை எழுதி அனுப்பியிருக்கிறார்.

தூலி.
காற்றைத் தொட்டாள்.
துல்லி.
தயங்கினாள். மறுபடியும் காற்று.
தவறு என்று குறித்தேன்.
துலி.
மூன்றையும் தொடவில்லை.
என் தோளைத் தாண்டிக் கதவைக் காட்டினாள்.

படத்தைப் பார், என்று சொல்ல வாயெடுத்தவள்
திரும்பினேன்.
சிவப்பு விளக்கு எரியும்போது திறக்கக் கூடாத கதவு
திறந்திருந்தது. அதில் சமுலி.
இரவு முழுக்கக் கெமி சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர்,
ஆரஞ்சு மேலங்கி,
பூட்ஸிலிருந்து என் தரைவிரிப்பில் சொட்டும் தண்ணீர்.

துலி என்றால்
வந்தார் என்றும் பொருள்.

சொல்லைத்தான் கேட்டாளா,
கதவு அசைந்ததைப் பார்த்தாளா,
நடைக்கூடத்துக் குளிர் கணுக்காலில் பட்டதா?
இருபது வருடம் காது அளந்தவள் நான்,
தெரியவில்லை.
தாளில் இரண்டே கட்டங்கள்.
பென்சில் முனை நடுக்கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தது.
முணுமுணுப்பை நிறுத்த மறந்துவிட்டேன்.

அதற்குள்ளிருந்து, தூக்கம் கெட்ட குரலில்,
ஏதோ மன்னிப்புக் கேட்டார் சமுலி.
எனக்கே சரியாக விழவில்லை.

ஹில்லா அதற்குள் படங்களுக்குத் திரும்பியிருந்தாள்.
தலை நிமிராமல் சொன்னாள்:
"பரவாயில்லை அப்பா. இப்போ சும்மா இரு.
என் காது வேலையில் இருக்கிறது."