பதினொரு விநாடி

விலையைச் சொல்லிவிட்டேன்.
அந்தப் பக்கம், போஸ்னான் நகரத்தில்,
அலமாரி செய்யும் நிறுவனத்தின் திரு. ஸ்ஜிஸ்வாவ்
மூச்சு விடுவது கேட்கிறது.

ஒன்று.
இரண்டு.

எண்ண ஆரம்பித்தது போன வருடம்தான்.
அதற்கு முன்பெல்லாம் ஒன்று வருவதற்குள்
வாய் முந்திக்கொள்ளும்:
'குறைத்தும் செய்யலாம்.'
'முதல் வேலைதானே, பார்த்துக் கொடுங்கள்.'
அவர்கள் பேரத்தைத் தொடங்குமுன்பே
என்னோடு நானே பேரம் பேசி
நானே தோற்று
நானே நன்றியும் சொல்லிவிட்டு வைப்பேன்.
அடிமாட்டு விலைக்கு
நாற்பத்திரண்டு நாற்காலிகள் வரைந்தேன்,
கவிழ்த்த பியர் பெட்டிமேல் உட்கார்ந்து.

மூன்று.

மரச்சாமான் பெட்டிக்குள் ஒரு தாள் மடிந்திருக்குமே,
எந்தத் திருகு எந்தத் துளைக்கு என்று
படம் படமாக,
நீங்கள் பார்க்காமலே தொடங்கி
கதவு தலைகீழாகப் பொருந்திய பிறகு
குப்பைக்கூடையில் தேடுவீர்களே,
அதுதான் என் வேலை.
அதில் எழுத்து கிடையாது.
என் பெயரும் கிடையாது.

நான்கு.
வூச் நகரத்து டிராம் ஒன்று
ஜன்னலை நடுக்கிவிட்டுப் போகிறது.

இந்தக் கட்டடத்தில் நான் வேலை கிடைக்காதவள்.
பகலில் வீட்டிலிருப்பவளை வேறென்ன சொல்வார்கள்.
ஆகவே பதினாறு வீட்டுப் பார்சலுக்கும் என் கையெழுத்து.
'இன்னும் ஒன்றும் அமையலையா, யகோதா?'
மூன்றாம் மாடி திருமதி ஓஷெகோவ்ஸ்கா
இரக்கத்தோடு பீட்ரூட் சூப் நீட்டுவாள்.
சூப் நன்றாயிருக்கும்.
மறுத்ததில்லை.

ஐந்து. ஆறு.

வேலை வந்தாலும் வராவிட்டாலும்
இருபதாம் தேதி வந்துவிடும்,
காப்பீட்டுப் பணம் கேட்டு.
சமையலறைக் கம்பெனி ஒன்று
தொண்ணூற்றேழு நாள் இழுத்தடித்தது.
மறுநாள் ரயிலேறிப் போய்
அவர்கள் வரவேற்பறை சோபாவில்
சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரித்தேன்.
மூன்றாவது சாண்ட்விச்சில் பணம் வந்தது.

ஏழு.

எல்லாத் தாளிலும் முதல் படம் ஒன்றே:
ஒற்றை ஆள், பெரிய பலகை, தொங்கிய வாய்,
மேலே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு.
பக்கத்தில் இரண்டு பேர், அதே பலகை, சிரிப்பு.
தனியாளாக இறங்காதே என்று அர்த்தம்.
இருநூறு தடவையாவது வரைந்திருப்பேன்,
தனியாளாக.

எட்டு.
நாக்கைப் பல்லுக்குள் பிடி.

ஒன்பது.
அதிகம் கேட்டுவிட்டேனோ?
பாதி ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்கு.
மணிக்கூலி, மென்பொருள், வரி,
பல் டாக்டர்,
வருகிற குளிர்காலத்தில்
காய்ச்சலில் கிடக்கப்போகும் ஒன்பது நாள்,
எல்லாம் கூட்டி
கடைசி வரியில்
பயத்துக்கென்று எதையும் கழிக்காமல் விட்ட தொகை.

பத்து.
அவர் நாற்காலி கிறீச்சிடுகிறது.
நான் வரைந்த நாற்காலியாக இருந்தால்
ஆறாவது திருகை முடுக்கியிருக்க மாட்டார்.

பதினொன்று.

'சரி. நாளைக்கே தொடங்கலாமா?'

நாட்காட்டியில் நாளை காலி.
நாளை மறுநாள் அதைவிடக் காலி.
'அடுத்த புதன்' என்றேன்.
என் குரல்தானா என்று திரும்பிப் பார்த்தேன்.

வைத்த பிறகுதான் முழங்கால் ஆடியது.
பியர் பெட்டி தாங்கிக்கொண்டது.

சாயங்காலம் அழைப்பு மணி.
திருமதி ஓஷெகோவ்ஸ்காவுக்குச் செருப்பு அலமாரி வந்திருக்கிறது,
அவளால் ஒற்றையாய்த் தூக்க முடியவில்லை.
இரண்டு பேருமாக மேலே ஏற்றினோம்.
தரையெல்லாம் பலகை பரப்பி
தாளைப் பிரித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு,
தலைகீழாகவும் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு
அவள் சொன்னாள்:
'இதைக் கிறுக்கியவன் ஜென்மத்தில்
ஒரு திருகு பிடித்திருக்க மாட்டான்.'

ஒன்று.
இரண்டு.

மூன்றுக்குமேல் என்னால் முடியவில்லை.